பொழுதிழந்த நிலம்

தமிழில் பயண நூல்களுக்குக் குறைவில்லை. ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வெளிவந்தது. சோமலெ முதலானோர் அதன்பின் நாடு நாடாகச் சென்று எழுதிக் குவித்தனர். செட்டியாரின் நடையில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. தம்மைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. கண்டதைச் சொல்வார், கேட்டதைச் சொல்வார், மேலே நடந்துவிடுவார். பின்னாளில் மலர்களிலும் வார இதழ்களிலும் வந்த பயணக் கட்டுரைகளிலோ வேறொரு வழக்கம் வேரூன்றிவிட்டது. பெருந்துயர் நிகழ்ந்த இடமொன்றிற்கு ஆசிரியர் செல்வார். வாயிலில் ஒரு கணம் நிற்பார். அடுத்த பத்தியில் அவர் கண்கள் குளமாகும். அதற்கும் அடுத்த பத்தியில் மனிதகுலத்திற்கு ஓர் அறிவுரை வரும். இடம் மாறும், நாடு மாறும். குளம் மட்டும் மாறுவதில்லை.

அத்தகைய கட்டுரை ஒன்றையே இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் மியூனிக் நகரையடுத்த டாஹாவ் வதைமுகாம் நினைவிடத்தைப் பார்த்துவந்து எழுதப்பட்டது அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலரில் வெளிவந்து அன்பர் சிலரின் பாராட்டையும் பெற்றது. அதை எழுதியவன் நானே. ஆகவே பிறர் மனம் புண்படுமோ என்னும் தயக்கமின்றிக் குறை சொல்லும் வசதி எனக்கு இருக்கிறது.

இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டவள் என் மகள். தில்லியில் பிறந்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் படித்து வளர்ந்த பிள்ளை. வார இறுதித் தமிழ் வகுப்புக்கு நான்கு ஆண்டுகள் அழைத்துச் சென்றதன் பயனாக எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்திருக்கிறாள். நம் வீடுகளில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இம்மலரைப் படிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்ற கோடை விடுமுறையில் அலமாரியிலிருந்து அந்தப் பழைய மலரை எடுத்து, மூன்று நாள் முயன்று, என் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தாள். அவள் முழுமையாகப் படித்த முதல் தமிழ்க் கட்டுரை அதுதான். படித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நீங்க அங்கே நிஜமாவே அழுதீங்களா? மாமா அப்படி ஒண்ணும் சொல்லலையே."

மாமா என்றது என் மைத்துனரை. அவர் மியூனிக்கில் பணிபுரிகிறார். 2018 அக்டோபரில் என்னை டாஹாவுக்கு அழைத்துச் சென்றவர் அவரே. நான் அங்கே அழவில்லை. மகளிடம் அதை ஒப்புக்கொண்டேன். பிறகு அந்தக் கட்டுரையை நானும் ஒருமுறை, வேறொருவர் எழுதியதைப் போல எண்ணிக்கொண்டு, படித்துப் பார்த்தேன்.

முதலில் அகப்பட்டவை செய்திப் பிழைகள். முகாமின் வாயிலில் ஓர் இரும்புக் கதவு உண்டு. 'உழைப்பு விடுதலை தரும்' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்கள் அதில் வார்க்கப்பட்டிருக்கும். "அந்தக் கதவைத் தொட்டபோது என் கை நடுங்கியது" என்று எழுதியிருக்கிறேன். பழைய கதவு 2014 நவம்பரில் திருடுபோயிற்று. 2016 இறுதியில் நார்வே நாட்டின் பெர்கன் நகருக்கருகே கிடைத்து, 2017இல் திரும்பி வந்து, அருங்காட்சியகத்தினுள் வைக்கப்பட்டது. வாயிலில் நான் தொட்டது நகல். என் கை நடுங்கியிருந்தால் அது அக்டோபர்க் குளிரால் இருக்கலாம். அடுத்து, கைதிகள் அடைக்கப்பட்டிருந்த கொட்டகையைப் பற்றி, "இச்சுவர்கள் மட்டும் பேசுமானால்!" என்று வியந்திருக்கிறேன். அங்கிருந்த 34 கொட்டகைகளும் 1960களில் இடிக்கப்பட்டுவிட்டன. இரண்டை மட்டும் மாதிரிக்காகப் புதிதாகக் கட்டினார்கள். மற்றவை நின்ற இடத்தைச் சிமெண்ட் விளிம்புகளும் சரளைக் கற்களும் காட்டுகின்றன. அச்சுவர்கள் வாய் திறந்தால் 1965ஆம் ஆண்டைப் பற்றித்தான் பேசும்.

இவை சிறு பிழைகள். ஒரு திருத்தத்தில் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் குறை பெரிது. அதைச் சொல்ல நம் இலக்கணமே எனக்குத் துணை வருகிறது. பொருளிலக்கணம் வகுத்த தொல்காப்பியர் முதற்பொருளுக்குள் நிலத்தை மட்டும் வைக்கவில்லை. பொழுதையும் உடன் வைத்தார். குறிஞ்சி என்றால் மலை. அதனோடு கூதிர்காலமும் யாமமும். நிலமும் பொழுதும் கூடிய பிறகே அந்நிலத்துக் கருப்பொருள்கள் வந்து அமைகின்றன. அவற்றுக்குள்ளிருந்தே உரிப்பொருளாகிய உணர்ச்சி எழுகிறது. என் கட்டுரையோ நிலத்தைக் காட்டிய மறு வரியிலேயே உரிப்பொருளுக்குத் தாவிவிட்டது. பொழுதைக் காணோம். கருப்பொருளும் இல்லை. அழுகை மட்டும் இருக்கிறது.

டாஹாவின் பொழுதுகளைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். 1933 மார்ச்சில், அப்போது மியூனிக் காவல்துறைத் தலைவராயிருந்த ஹிம்லர், 5,000 பேரை அடைக்கத்தக்க முகாம் ஒன்று திறக்கப்படுவதாகச் செய்தியாளர்களுக்கே அறிவித்தார். அது நாளிதழில் வெளிவந்தது. மறைத்துச் செய்த காரியமன்று அது. பயனற்றுக் கிடந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை வளாகத்தில் மார்ச் 22 அன்று முதற்கைதிகள் கொண்டுவரப்பட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளில் டாஹாவிலும் அதன் கிளை முகாம்களிலும் 2,00,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர்; ஏறத்தாழ 41,500 பேர் மாண்டனர். 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை வந்தபோது முகாமுக்குள் 30,000க்கும் அதிகமானோர் நெருக்குண்டு கிடந்தனர். அதன்பின் அதே கொட்டகைகளில், போர்க்குற்றம் சாட்டப்பட்டவர்களை அமெரிக்கர் காவலில் வைத்தனர். 1948 முதல் 1960களின் நடுப்பகுதி வரை, கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானிய அகதிக் குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. கடைகள் இருந்தன, பள்ளி இருந்தது, குழந்தைகள் பிறந்து வளர்ந்தன. 1965இல் அது நினைவிடமாயிற்று. இத்தனை பொழுதுகளும் ஒரே நிலத்தின்மேல் அடுக்கடுக்காய்க் கிடக்க, நான் நின்றது 2018 அக்டோபரின் ஒரு முற்பகலில். கூட்டிப் பெருக்கிய சரளைத் திடலில். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரைச் சுற்றி நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வேளையில். அந்தப் பொழுதுக்குரிய உணர்ச்சி எதுவோ அதுவே எனக்கும் இருந்தது. கால் வலித்தது. பசித்தது.

நான் தடுமாறிச் சொல்லும் இதனைத் தெளிவாகச் சொன்னவர் ரூத் க்ளூகர். 1931இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். தாயோடு தெரேசியன்ஸ்டாட், ஆஷ்விட்ஸ், கிறிஸ்டியான்ஸ்டாட் என மூன்று முகாம்களில் கிடந்து, 1945இன் தொடக்கத்தில் தப்பியவர். பின்னாளில் அமெரிக்காவில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியராக விளங்கி, 2020இல் மறைந்தார். அவருடைய தன்வரலாறு ஜெர்மன் மொழியில் 1992இல் வந்தது. மொழிபெயர்ப்பாக விடாமல் அவரே ஆங்கிலத்தில் மீண்டும் எழுத, அது 2001இல் வெளிவந்தது. நான் படித்தது ஆங்கில நூல். சில நண்பர்களுடன் ஒருமுறை டாஹாவுக்குப் போனதை அதில் சொல்கிறார். இடம் தூய்மையாகவும் ஒழுங்காகவும் இருந்ததாம். திடலில் நல்ல காற்று வீசியதாம். பழைய முகாமை அங்கே மனத்தில் எழுப்பிக்கொள்ளச் சாதாரண மனிதரிடம் இருப்பதைவிட மிகுந்த கற்பனை வேண்டும் என்கிறார். நிலக்காட்சி என்பதுபோல, காலத்தில் மட்டுமே அமைந்த ஓரிடத்தைக் குறிக்க அவர் ஒரு புதுச்சொல்லையே ஆக்கினார்: குறிப்பிட்ட ஒரு காலத்தில் இருந்த இடம்; அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முதற்பொருள் என்னும் நம் சொல்லை அவர் அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்தால் புதுச்சொல் தேடியிருக்க மாட்டார் என்று எனக்கு ஒரு எண்ணம்; சங்க அன்பன் ஒருவனின் பெருமிதம் என்று இதைப் பொறுத்துக்கொள்க.

க்ளூகரின் மற்றொரு குற்றச்சாட்டு இன்னும் கூரியது. இத்தகைய இடத்திற்கு வந்து உருகுகிறவர் இறந்தோரிடமிருந்து தம் கண்ணைத் திருப்பித் தம்மையே பார்த்துக்கொள்கிறார். தம் உணர்ச்சியைக் கண்ணாடியில் பார்த்து மகிழ்கிறார் என்பது அதன் சாரம். நான் அதைப் படித்தபோது மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து மீண்டும் படித்தேன்.

ப்ரீமோ லெவியின் அனுபவம் வேறு விதமானது. இத்தாலியின் தூரின் நகரத்து வேதியியலாளர். 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு, அதன் பகுதியாகிய மோனோவிட்ஸில் உழன்றவர். அவருடைய முதல் நூலைப் பெரிய பதிப்பகம் ஒன்று மறுத்துவிட, 1947இல் சிறு பதிப்பகமொன்று 2,500 படிகள் அச்சிட்டது. அந்நூலின் வலிமை முழுவதும் கருப்பொருளில் இருக்கிறது: ரொட்டி, கரண்டி, கஞ்சி, காலுக்குப் பொருந்தாத செருப்பு. பொருந்தாத செருப்பால் புண் வரும், புண்ணால் நடை தளரும், நடை தளர்ந்தவன் அடி வாங்குவான், இறுதியில் சாவான். இதை ஒரு வேதியியலாளரின் நிதானத்தோடு சொல்லிச் செல்கிறார். எங்கும் அவர் அழுது காட்டவில்லை. 1965இல் ஒரு நினைவு நிகழ்ச்சிக்காக அவர் ஆஷ்விட்ஸுக்குத் திரும்பிச் சென்றார். தலைமை முகாம் அருங்காட்சியகமாக, வெள்ளையடித்து, செடி நட்டு, ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கக் கண்டு பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்று பிறகு எழுதினார். அவர் கிடந்த மோனோவிட்ஸோ தொழிற்சாலைக்குள் மறைந்துபோயிருந்தது. ஆனால் கைதியாயிருந்தபோது கண்ணால் காணாத பிர்க்கெனாவுக்குள் நுழைந்ததும் கடும் வேதனை அவரைப் பற்றிக்கொண்டது. அங்கே எதுவும் மாற்றப்படவில்லை. அன்று சேறு, இன்றும் சேறு.

தாம் துன்புற்ற இடத்தில் வராத வேதனை, தாம் காணாத இடத்தில் வந்திருக்கிறது. சேறு என்னும் கருப்பொருள் பழைய பொழுதைக் கொண்டுவந்து சேர்த்தது என்று இதற்கு நான் பொருள் கொள்கிறேன். ஆனால் சேற்றை அறிந்தவருக்குத்தான் அது கொண்டுவரும். என்னைப்போன்ற பயணிக்கு அது வெறுஞ்சேறு. செருப்பைத் துடைக்கக் காகிதம் தேடியிருப்பேன்.

அப்படியானால் நினைவிடங்கள் வேண்டாமா? க்ளூகரின் ஐயம் அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறது. அங்கே நான் அவரிடமிருந்து பிரிகிறேன். 1955இல் டாஹாவின் தகனக் கட்டடத்தை இடித்துவிட வேண்டும் என்னும் கோரிக்கை அந்த வட்டாரத்திலேயே எழுந்தது. உயிர்தப்பிய முன்னாள் கைதிகள் ஒன்றுகூடி எதிர்த்து நின்றதால்தான் அது தப்பியது. அவர்கள் விடாது கேட்டதால்தான் பத்தாண்டு கழித்து நினைவிடம் அமைந்தது. நிலம் ஒரு சாட்சியம். உணர்ச்சியைத் தரும் கடமை அதற்கு இல்லை. ஒரு வழக்கில் தடயப்பொருளைக் காத்துவைப்பது பார்ப்பவரை அழவைப்பதற்காகவா? ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 1,10,000 காலணிகள் உள்ளன. அவற்றுள் குழந்தைகளுடைய 8,000 காலணிகளை உருக்குலையாமல் காக்கும் பணியை 2023இல் தொடங்கினார்கள். அந்தப் பணியில் கண்ணீருக்கு எங்கே நேரம்?

என் கட்டுரையின் இன்னொரு பகுதியும் என்னை வெட்கப்படுத்தியது. அது நூர் இனாயத் கானைப் பற்றியது. 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவில் சுட்டுக் கொல்லப்பட்ட நான்கு பெண்களுள் அவர் ஒருவர். நால்வரும் பிரிட்டனின் இரகசியப் படைப்பிரிவுக்காக ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் பணிசெய்தவர்கள். தகனக் கட்டடத்தில் நால்வர் பெயரும் பொறித்த பலகை இருக்கிறது. நான் என்ன செய்தேன்? நால்வருள் மூவரை விட்டுவிட்டு, நூரை மட்டும் எடுத்து, "பாரதத்தின் வீரமகள்" என்று மூன்று வியப்புக்குறியிட்டு நிறுத்தினேன். அவர் மாஸ்கோவில் பிறந்தவர். தாய் அமெரிக்கப் பெண். வளர்ந்தது லண்டனிலும் பாரீஸிலும். தந்தை வழியில் திப்பு சுல்தானின் மரபு என்பது உண்மை. தந்தை ஹஸ்ரத் இனாயத் கானின் சமாதி நம் தில்லி நிஜாமுதீனிலேயே இருக்கிறது என்பதும் உண்மை. நான் பல்லாண்டு அப்பக்கம் பேருந்தில் போய்வந்தவன். டாஹாவிலிருந்து திரும்பிய பிறகே அங்கே இறங்கினேன். ஆயினும் அவர் வாழ்வு எந்த ஒரு நாட்டின் பெருமிதத்துக்குள்ளும் அடங்குவதன்று. புத்த ஜாதகக் கதைகள் இருபதைச் சிறுவர்க்காக ஆங்கிலத்தில் எழுதி 1939இல் வெளியிட்டவர் அவர். அந்நூலைப் பற்றி என் கட்டுரையில் ஒரு வரி இல்லை. இலக்கிய மலரில் எழுதியவன் ஓர் எழுத்தாளரைக் கண்டும் அவர் எழுத்தைக் காணவில்லை. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நடுவது நம் மரபுதான். நட்டவர்கள் அதில் அவன் பெயரையும் அவன் செய்ததையும் பொறித்தார்கள். நான் என் பெருமையைப் பொறித்தேன்.

இனி, அழாத நான் ஏன் அழுததாக எழுதினேன் என்னும் கேள்வி. மகளிடம் இதற்கு விடை சொல்லச் சில நாட்கள் ஆயின.

அருங்காட்சியகத்தில் கைதிகளின் பதிவு அட்டைகளும் பட்டியல்களும் வைக்கப்பட்டிருந்தன. நான் நெடுநேரம் நின்ற இடம் அது ஒன்றுதான். மத்திய அரசு அலுவலகத்தில் இருபதாண்டுக்கு மேலாகப் பதிவேடுகளோடு வாழ்பவன் நான். பெயர், பிறந்த நாள், தொழில், மதம் எனக் கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் பிசிறில்லாத தட்டச்சு. அவற்றைப் பார்த்ததும் என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், 'பதிவேடு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது!' என்பதே. பாராட்டாகவே எழுந்தது. அடுத்த கணம் அது என்ன பதிவேடு என்பது உறைத்தது. மைத்துனர், "என்ன அத்தான், இங்கேயே நின்னுட்டீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பாராட்டைக் கட்டுரையில் எழுதத் துணிவில்லை. அது இருந்த இடத்தில் கண்ணீரை வைத்து மெழுகிவிட்டேன்.

ஆனால் சொல்ல வேண்டியது அதுவாகத்தான் இருந்தது. வதைமுகாம் என்று தமிழில் நாம் சொல்லும் சொல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும் நல்ல சொல். ஜெர்மன் மொழியில் அவர்கள் வைத்த பெயருக்கோ 'ஓரிடத்தில் திரட்டிவைக்கும் முகாம்' என்பதே பொருள். எந்தக் கோப்பிலும் உறுத்தாமல் உட்கார்ந்துவிடும் அலுவலகச் சொல். அப்படிப்பட்ட சொற்களாலும் அட்டைகளாலும் நடந்த காரியம் அது. ஜெர்மனியில் அரோல்சன் ஆவணக்காப்பகம் என்று ஒன்று உண்டு, அங்கே 1.75 கோடிப் பேரைப் பற்றிய ஆவணங்கள் உள்ளன. அவற்றைத் தட்டச்சு செய்தவர்கள் எத்தனை பேர், மாலை ஐந்து மணிக்கு மேசையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்!

டாஹாவின் முதல் மாதத்திலேயே ஒரு கோப்பு வேறு வழியிலும் நகரப் பார்த்தது. 1933 ஏப்ரல் 12 அன்று நான்கு யூதக் கைதிகள் சுடப்பட்டனர். தப்பியோட முயன்றனர் என்று முகாம் அறிக்கை கூறியது. மியூனிக் அரசு வழக்குரைஞர் அலுவலகத்தைச் சேர்ந்த யோசெஃப் ஹார்ட்டிங்கர் அதை நம்பவில்லை. மருத்துவர் மோரிட்ஸ் ஃப்ளாமைக் கொண்டு உடல்களை ஆய்வு செய்து, முகாமில் தொடர்ந்து நிகழ்ந்த சாவுகளையும் துருவி, கொலைக் குற்றச்சாட்டுகளை எழுதி மேலே அனுப்பினார். கோப்பு மேலிடத்தில் முடங்கியது. போருக்குப் பின் அத்தாள்கள் வெளிப்பட்டு நூரம்பர்க் வழக்கில் சான்றாயின. டிமதி ரைபேக் 2014இல் எழுதிய நூலில் இதன் முழு விவரம் உண்டு. மேலதிகாரி முடக்குவார் என்று தெரிந்தும் நாளிட்டுக் கையொப்பமிட்டு ஒரு குறிப்பை மேலே அனுப்புவது எத்தகைய செயல் என்பதை அலுவலகம் அறிந்தவர் அறிவர். என் கட்டுரையில் ஹார்ட்டிங்கரும் இல்லை.

க்ளூகரின் நூலில் என்னால் மறக்க முடியாத பகுதி ஒன்றும் இதையே ஒட்டியது. பிர்க்கெனாவில் உழைப்பு முகாமுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ரூத்துக்குப் பன்னிரண்டு. தேர்ந்தெடுக்கும் அதிகாரியின் பக்கத்தில் பட்டியல் எழுத ஓர் இளம்பெண் இருக்கிறாள், அவளும் கைதிதான். அவள் சிறுமியிடம் வந்து, பதினைந்து என்று சொல் என மெல்லச் சொல்லித்தருகிறாள். சிறுமி அப்படியே சொல்கிறாள். அதிகாரி, மிகச் சிறியவளாயிருக்கிறாளே என்று இழுக்க, கால்களைப் பாருங்கள், வலிமையானவள், வேலை செய்வாள் என்று அந்த எழுத்தர் பெண்ணே வாதாடுகிறாள். பட்டியலில் பதினைந்து என்று ஏறுகிறது. முன்பின் அறியாத ஒரு சிறுமிக்காக, கேட்பாரில்லாமல், தனக்குக் கேடு வரக்கூடிய நிலையில், அவள் செய்தாள். க்ளூகர் வாழ்நாள் முழுதும் அதை நினைத்து நினைத்து எழுதினார்.

இப்பகுதியை மகளுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லுக்குத் தடுமாறிய இடங்களில் அவள் இந்திச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். கேட்டு முடித்துவிட்டு, "அந்த அக்கா பேர் என்னப்பா?" என்றாள். நூலில் அவள் பெயர் இல்லை.

பழைய மலரை வைத்திருக்கும் அன்பர்கள் என் கட்டுரையில் "கண்ணீர் ஆறாய்ப் பெருகிற்று" என்னும் வரியையும், அதற்கு மேல் கதவைப் பற்றியும் சுவர்களைப் பற்றியும் உள்ள இரு வரிகளையும் அடித்துவிட்டுப் படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். நூரின் பெயருக்குப் பின்னால் உள்ள வியப்புக்குறிகளை எடுத்துவிட்டு, யோலாண்டே பீக்மன், எலியான் ப்ளூமன், மதலேன் தாமெர்மான் என்னும் மூன்று பெயர்களைச் சேர்த்துக்கொள்க. பேருந்து எண் 726 என்பது சரியே; அதை மாற்ற வேண்டியதில்லை.